டெக்1, டெக்2 மரபணுக்கள்: உடல் கடிகாரமும் ஆக்சிஜன் குறைவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வாழும் தமிழர்களில் மூன்று தரப்பினர் இந்த மரபணுக்களைப் பற்றிக் கேட்கிறார்கள். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் ஒரு தரப்பு. உமிழ்நீர் கொடுத்து வாங்கிய மரபணு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்கள் இன்னொரு தரப்பு. ஆய்வகத்தில் இதை அளக்கப்போகும் எம்.எஸ்சி., பி.எச்டி. மாணவர்கள் மூன்றாவது. மூவருக்கும் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மாதிரி எடுத்த நேரமும், அப்போது செல்லுக்குக் கிடைத்த ஆக்சிஜனும் தெரியாவிட்டால் டெக்1 பற்றிய எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறப்பவைதான்.

டெக்1 என்பது என்ன? உடலில் எங்கே இருக்கிறது?

மற்ற மரபணுக்களின் செயல்பாட்டை அடக்கிவைக்கும் ஒரு புரதத்துக்கான மரபணு. 3ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், 3பி26.1 என்னும் இடத்தில் இருக்கிறது. அதிலிருந்து உருவாகும் புரதத்தின் நீளம் 412 அமினோ அமிலங்கள். இதன் உடன்பிறப்பு டெக்2, 12ஆம் குரோமோசோமில் 12பி12.1 என்னும் இடத்தில் இருக்கிறது. அதன் புரதம் 482 அமினோ அமிலங்கள். டெக்1 ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் வேலை செய்கிறது. டெக்2 சில திசுக்களில்தான் அதிகம். மூளையும் தசையும் அவற்றில் அடக்கம்.

ஒரே மரபணுவுக்கு ஏன் இத்தனை பெயர்கள்? தப்பான மரபணுவை எடுத்துவிடாமல் இருப்பது எப்படி?

1997இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் குருத்தெலும்புச் செல்களை ஆராய்ந்தவர்கள் டெக்1 என்றார்கள். ரெட்டினோயிக் அமிலம் தூண்டும் மரபணுக்களைத் தேடிய குழு ஸ்ட்ரா13 என்றது. நரம்புச் செல்களில் தேடியவர்கள் ஷார்ப்2 என்றார்கள். பிறகு பிஎச்எல்எச்பி2 என்றொரு பெயர் வந்து, கடைசியில் பிஎச்எல்எச்இ40 என்று நிலைத்தது. டெக்2வின் பெயர்கள்: ஷார்ப்1, பிஎச்எல்எச்பி3, இப்போது பிஎச்எல்எச்இ41. ஷார்ப் வரிசையில் எண்கள் தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். ஷார்ப்1 என்றால் டெக்2. ஷார்ப்2 என்றால் டெக்1.

இதில் பணம் வீணாகும் இடம் வேறு. உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆய்வில் அடையாளம் காணப்பட்ட, 9ஆம் குரோமோசோமில் உள்ள வேறொரு மரபணுவும் பல ஆண்டுகள் டெக்1 என்றே பட்டியலில் இருந்தது. அதேபோல ஸ்ட்ரா13 என்ற பெயர், குரோமோசோமின் நடுமுடிச்சில் வேலை செய்யும் வேறொரு புரதத்துக்கும் வழங்கியது. டெக்1 என்று மட்டும் எழுதி ஆன்டிபாடியோ (புரதத்தைப் பற்றிப்பிடிப்பது) பிரைமரோ (மரபணுத் துண்டைப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ) ஆர்டர் செய்தால் சம்பந்தமில்லாத ஒன்று வந்து சேரும். ஆர்டர் படிவத்தில் பிஎச்எல்எச்இ40 என்று எழுதுங்கள், கூடவே குரோமோசோம் எண்ணையும் குறிப்பிடுங்கள். வந்த பிரைமரின் வரிசையை மரபணுத் தரவுத்தளத்தில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குழாயைத் திறங்கள்.

கடிகாரத்தில் இதன் வேலை என்ன?

உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் ஓர் இயக்கம் உண்டு. கிளாக், பீமால்1 என்னும் இரண்டு புரதங்கள் ஜோடியாகச் சேர்ந்து, டிஎன்ஏவில் சி-ஏ-சி-ஜி-டி-ஜி என்ற ஆறெழுத்து வரிசையில் உட்கார்ந்து மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. இந்த வரிசைக்கு ஈ-பாக்ஸ் என்று பெயர். அப்படி முடுக்கப்படும் மரபணுக்களில் பெர், கிரை என்னும் குடும்பங்கள் உள்ளன. அவற்றின் புரதங்கள் சேர்ந்து பெருகியதும் திரும்பிவந்து கிளாக்–பீமால்1 ஜோடியையே அடக்குகின்றன. அடக்கிய புரதங்கள் சிதைந்ததும் சுற்று மறுபடி தொடங்குகிறது.

டெக்1, டெக்2 இரண்டையும் முடுக்கிவிடுவதும் அதே கிளாக்–பீமால்1 ஜோடிதான். உருவான டெக் புரதங்கள் அதே ஈ-பாக்ஸில் வந்து உட்காருகின்றன. பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காமல், சரியான சாவியையும் உள்ளே விடாத சாவி போல அவை இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அதோடு பீமால்1 புரதத்தையே நேரடியாகப் பற்றிக்கொள்ளவும் செய்கின்றன. இதை 2002இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குழு காட்டியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: மூளையின் தலைமைக் கடிகாரமான எஸ்சிஎன் நரம்புத் திரளில், இரவு நேரத்தில் ஒளி பட்டால் டெக்1 சட்டென்று ஏறுகிறது, பகலில் அதே ஒளி பட்டால் அப்படி ஏறுவதில்லை. ஒரே தூண்டலுக்கு நேரத்தைப் பொறுத்து வெவ்வேறு விளைவு. இதை நினைவில் வையுங்கள், ஆக்சிஜன் விஷயத்திலும் இதே குணம் வரும்.

டெக்1 இல்லாத எலிகளில் கடிகாரம் நின்றுபோவதில்லை. ஒழுங்கு கொஞ்சம் மாறுகிறது, அவ்வளவே. அதனால் இதைக் கடிகாரத்தின் அச்சாணி என்று எழுதுவது மிகை. கடிகாரத்தின் வேகத்தையும், சுற்றில் அது எந்த நேரத்தில் நிற்கிறது என்னும் கட்டத்தையும் சீர்செய்யும் துணைப் பகுதி என்பதே பொருந்தும்.

ஆக்சிஜன் குறைந்தால் டெக்1 ஏன் ஏறுகிறது?

ஹிஃப்-1 ஆல்ஃபா என்னும் புரதம் எந்நேரமும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது, அதே வேகத்தில் அழிக்கப்பட்டும் வருகிறது. சாதாரண ஆக்சிஜனில் அதன் அரை ஆயுள் சுமார் 5 நிமிடம். ஆக்சிஜனையும் இரும்பையும் பயன்படுத்தும் ஒரு நொதி அதன் 402, 564 ஆகிய இடங்களிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலங்களில் ஹைட்ராக்சில் என்ற அடையாளத்தைச் சேர்க்கிறது. அந்த அடையாளத்தை விஎச்எல் புரதம் கண்டுகொண்டு அழிப்புக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. புரதம் தேங்கும், ஏஆர்என்டி என்னும் துணையோடு சேரும், டிஎன்ஏவில் ஏ-சி-ஜி-டி-ஜி அல்லது ஜி-சி-ஜி-டி-ஜி என்ற வரிசையைத் தேடிப் பிடிக்கும்.

அந்த வரிசைகள் டெக்1, டெக்2 ஆகியவற்றின் முன்பகுதியில் உள்ளன. அதனால் ஆக்சிஜன் குறைந்த சில மணி நேரத்தில் டெக்1 எம்ஆர்என்ஏ, அதாவது மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல், தெளிவாக ஏறுகிறது. ஈ-பாக்ஸ் வரிசையையும் மேலே சொன்ன வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சி-ஜி-டி-ஜி என்ற நாலெழுத்து இரண்டிலும் உண்டு. பீமால்1 புரதமும் ஏஆர்என்டியும் ஒரே குடும்பம்.

உடல் கடிகாரத்துக்கான 2017 நோபல் பரிசை ஹால், ராஸ்பாஷ், யங் பெற்றார்கள். ஆக்சிஜன் உணர்தலுக்கான 2019 நோபல் பரிசை கேலின், ராட்கிளிஃப், செமன்சா பெற்றார்கள். பாடப்புத்தகத்தில் இவை இரண்டு தனி அத்தியாயங்கள். செல்லுக்குள் அவை சந்திக்கும் இடங்களில் ஒன்று டெக்1.

ஆக்சிஜன் குறைவு கடிகாரத்தை உண்மையிலேயே நகர்த்துகிறதா?

நகர்த்துகிறது. 2017இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனக் குழு, திசுக்களில் ஆக்சிஜன் அளவே நாள்தோறும் ஏறி இறங்குகிறது என்றும், அந்தச் சிறு ஏற்ற இறக்கமே வளர்ப்புச் செல்களின் கடிகாரங்களை ஒரே நேரத்துக்குக் கொண்டுவரப் போதுமானது என்றும் காட்டியது. ஹிஃப்-1 ஆல்ஃபாவைக் குறைத்தால் அந்த விளைவு மறைந்தது. அதே ஆண்டு வேறு குழுக்கள் எதிர்த்திசையையும் காட்டின: பீமால்1 இல்லாத தசையில் ஹிஃப் பதில்வினை குறைகிறது. ஆக, போக்குவரத்து இரு பக்கமும் உண்டு.

ஒரு நுணுக்கம். குறைந்த ஆக்சிஜனில் வைத்த எலிகளில் எல்லாத் திசுக்களின் கடிகாரமும் ஒரே அளவு நகர்வதில்லை. ஒரு திசு அதிகம் நகர்கிறது, ஒன்று கொஞ்சம், இன்னொன்று அசைவதே இல்லை. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் நகர்ந்தால் உடல் சமாளித்துவிடும். ஒன்றுக்கொன்று விலகி நின்றால் செரிமானம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் தனித்தனி நேரத்தில் நடக்கும்.

பெங்களூரின் உயரமே இந்த மரபணுவைத் தூண்டிவிடுமா?

இல்லை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர். இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 683 மி.மீ. பாதரசம், அதில் ஆக்சிஜனின் பங்கு 143 மி.மீ. சென்னையிலும் மும்பையிலும் 159. இந்த வித்தியாசத்தை நுரையீரலும் ரத்தமும் எளிதாக ஈடுசெய்கின்றன. ஆரோக்கியமானவரின் விரல்நுனி ஆக்சிஜன் அளவு இங்கேயும் 95 சதவீதத்துக்கு மேல்தான்.

விமானத்தில் லே போய் இறங்குவது வேறு கதை. அது 3,500 மீட்டர். முதல் இரவுகளில் மூச்சு விட்டுவிட்டு வரும், தூக்கம் அடிக்கடி கலையும். முதல் 48 மணி நேரம் ஏற்றம் ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் மலைநோய். இரவுத் தூக்கம் கெடுவதையும் அதோடு சேர்த்துக் கணக்கில் கொள்ளுங்கள். அங்கே போய்த் தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்தால் மூச்சு இன்னும் மந்தமாகும்.

குறட்டைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எங்கள் பார்வையில் நகரவாசிக்கு இதுதான் மிக முக்கியமான கேள்வி. உறக்க மூச்சுத்தடை உள்ளவருக்கு இரவு முழுக்கத் தொண்டை அடைத்து அடைத்துத் திறக்கிறது. ஒவ்வொரு அடைப்பும் குறைந்தது 10 விநாடி. ஒவ்வொரு முறையும் ரத்த ஆக்சிஜன் விழுந்து, மூச்சு திரும்பியதும் ஏறுகிறது. உயரமான மலையில் தொடர்ந்து இருக்கும் குறைவைவிட இப்படி விழுந்து ஏறுவது ஹிஃப் பாதையை வேறு விதமாகக் கிளப்பிவிடுகிறது. அதுவும் கடிகாரம் ஒளிக்குக்கூட மிகக் கூர்மையாகப் பதில் தரும் இரவு நேரத்தில்.

ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 14 தடைகள் வரை லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30உம் அதற்கு மேலும் கடுமையானது. இதை அறிய மரபணுப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. சத்தமான குறட்டை, பகலில் களைப்பு, மூச்சு நின்றதைப் பக்கத்தில் படுப்பவர் பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் பருமன், 50 வயதுக்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் – இந்த எட்டில் மூன்று பொருந்தினால் உறக்கப் பரிசோதனைக்குக் கேளுங்கள். ஐந்து பொருந்தினால் தள்ளிப்போடாதீர்கள். நிம்ஹான்ஸிலும் நகரின் பெரிய மருத்துவமனைகளிலும் உறக்க ஆய்வுக்கூடங்கள் உண்டு. வீட்டிலேயே அணிந்து படுக்கும் கருவிகளும் கிடைக்கின்றன. அவை விழித்திருந்த நேரத்தையும் தூக்கமாகக் கணக்கிட்டுத் தடை எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். வீட்டுச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தும் பகல் தூக்கம் தொடர்ந்தால் முழு இரவுச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் உறக்கப் பரிசோதனைக்குப் போனால், தான் வழக்கமாகத் தூங்கும் நேரம் பகல் என்பதை முன்கூட்டியே சொல்லிப் பகல் நேரப் பதிவு கேட்க வேண்டும். இரவில் வரச்சொல்லி, தூக்கமே வராமல் விழித்துக் கிடந்து, பாதிப் பதிவோடு திரும்புவது அடிக்கடி நடப்பது.

மாலை 6:30 முதல் அதிகாலை 3:30 வரை ஷிஃப்ட். என்ன செய்யலாம்?

ஷிஃப்ட் வேலையின் கேட்டை டெக்1 ஒன்றின் தலையில் கட்ட முடியாது. ஆனால் கடிகாரம் ஒளிக்கு எப்படிப் பதில் தருகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம், அதைப் பயன்படுத்தலாம். உடல் வெப்பநிலை மிகக் குறைவாக இருக்கும் நேரம், வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு 2–3 மணி நேரம் முன்னால் வரும். அதற்கு முந்தைய ஒளி கடிகாரத்தைப் பின்னோக்கித் தள்ளும், அதாவது நாளைத் தாமதமாக்கும். அதற்குப் பிந்தைய ஒளி முன்னோக்கி இழுக்கும்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ மான்யதாவிலிருந்தோ 3:30 மணிக்குக் கேப் ஏறுபவருக்கு ஒரு வசதி உண்டு: சூரியன் எழுமுன் வீடு சேரலாம். அதை வீணாக்காதீர்கள். ஷிஃப்டின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள். கடைசி காபி இரவு 11 மணிக்குள் முடியட்டும். படுப்பதற்கு முந்தைய 6 மணி நேரத்தில் குடிக்கும் காபி, தூக்கம் வந்த பிறகும் அதைக் கெடுக்கும். 5 மணிக்குள் இருட்டறையில் படுத்துவிடுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. முடியாவிட்டால் அலுமினியத் தாளை உள்பக்கம் ஒட்டினாலும் வேலை நடக்கும். பால்காரர், குப்பை வண்டி, குக்கர் விசில் ஆகிய மூன்றும் இந்த ஊரில் 6 மணியிலிருந்து 8 மணிக்குள் வரும். காதடைப்பான் செலவு அல்ல, தேவை.

வீக் ஆஃப் அன்று ஊரோடு ஒத்து இரவு 10 மணிக்குப் படுப்பதுதான் பலரும் செய்வது. இரண்டு நாளில் கடிகாரம் பாதி திரும்பிவிடும், திங்களன்று மறுபடி தள்ள வேண்டும். விடுப்பு நாளில் 2 அல்லது 3 மணிக்குப் படுத்து 10 மணிவாக்கில் எழுந்தால், வேலைநாள் தூக்கத்தோடு பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று விழும். குடும்பத்தோடு காலைச் சாப்பாடு தவறும் என்பது உண்மை. மதியச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிடுங்கள்.

அறிக்கையில் ‘குறைந்த தூக்க மரபணு’ என்று வந்திருக்கிறது. 5 மணி நேரம் தூங்கினால் போதுமா?

போதாது, அந்த வரியை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அந்த வரி குறிப்பது டெக்2வில் ஓர் எழுத்து மாற்றம். 2009இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் யிங்-ஹுயி ஃபூவின் குழு, ஒரு குடும்பத்தில் தாய்க்கும் மகளுக்கும் இது இருப்பதைக் கண்டது. 384ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் ஆர்ஜினின். முதல் கட்டுரையில் 385 என்று எண்ணப்பட்டது, இரண்டும் ஒன்றே. அவர்கள் சராசரியாக 6.25 மணி நேரம் தூங்கினார்கள், மாற்றம் இல்லாத உறவினர்கள் 8.06 மணி நேரம். எலிகளில் இதே மாற்றத்தைச் செய்தபோதும் தூக்கம் குறைந்தது. மாறிய டெக்2வின் அடக்கும் திறன் குறைவு. விழிப்பைத் தூண்டும் ஓரெக்சின் அதனால் கூடுகிறது என்று 2018இல் அதே குழு காட்டியது.

ஆனால் பிரிட்டனின் பெரிய உயிர்வங்கித் தரவில் இப்படிப்பட்ட மாற்றங்களைச் சுமப்பவர்களை 2022இல் ஆராய்ந்தபோது, குடும்ப ஆய்வுகளில் கண்ட அளவு விளைவு பெரும்பாலானவற்றுக்குத் தென்படவில்லை. ஒரு குடும்பத்தில் கண்டதைப் பொதுமக்கள் எல்லோருக்கும் பொருத்தும்போது இப்படித்தான் சுருங்கும்.

பிறவியிலேயே குறைவாகத் தூங்குபவரின் அடையாளம் எளிது: சிறுவயது முதலே, விடுமுறையிலும், அலாரம் இல்லாமல், காபி இல்லாமல், 4 முதல் 6.5 மணி நேரத்தில் தானாக விழித்துப் பகல் முழுக்கத் தெளிவாக இருப்பார். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறீர்களா? அப்படியானால் உங்களிடம் இருப்பது தூக்கக் கடன்.

அந்த அறிக்கை சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். மலிவான சோதனைகள், முன்பே தேர்ந்த இடங்களை மட்டும் பார்க்கும் சிப் முறையில் நடப்பவை. ஆயிரத்தில் பலருக்கு இருக்கும் மாற்றங்களை அவை நன்றாகப் படிக்கும். மிக அரிதான மாற்றங்களில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது அவற்றின் அறியப்பட்ட குறை.

இந்த மாற்றத்துக்கென்றே ஒரு பொறி உண்டு. மரபணுவின் இழையில் இது 1151ஆவது எழுத்து சி, ஜி-யாக மாறுவது. டெக்2 குரோமோசோமில் எதிர் இழையில் எழுதப்பட்ட மரபணு. எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தால் இயல்பான எழுத்து ஜி, மாறியது சி. எனவே கச்சாத் தரவில் ஆர்எஸ்121912617 (இந்த மாற்றத்தின் அடையாள எண்) என்ற வரிக்கு நேராக ஜி-ஜி என்று இருந்தால், அது எந்த இழை என்று பார்க்காமல் ‘எனக்கு மாற்றம் இருக்கிறது, அதுவும் இரட்டையாக’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு மாற்றமே இருக்காது.

வரிசையாகப் படிக்கும் முறையில், அதாவது எக்சோம் (புரதத்துக்கான பகுதிகள் மட்டும்) அல்லது முழு மரபணுத்தொகுதிச் சோதனையில் வந்திருந்தால், அந்த இடத்தை எத்தனை முறை படித்தார்கள் என்று கேளுங்கள். குறைந்தது 20 முறை இருக்க வேண்டும். ஒரு பெற்றோரிடமிருந்து வந்த மாற்றம் என்றால் படித்தவற்றில் ஏறக்குறைய பாதியில் தெரியும். நூற்றில் பத்தில் மட்டும் தெரிந்தால் பிழையாக இருக்கவே வாய்ப்பு. அதன்பின் ஒரு துண்டை மட்டும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் சாங்கர் முறையில் அதை உறுதிசெய்ய வேண்டும். டெக்2வின் பின்பகுதியில் அலனின், கிளைசின் நிறைந்த நீட்சி இருப்பதால் ஜி, சி எழுத்துகள் நெருக்கமாக இருக்கும். டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் சாதாரண பிசிஆர் முறையில் துண்டு பெருகாமலே போகலாம். 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ அல்லது 1 மோலார் பீட்டெய்ன் சேர்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். உமிழ்நீர் தருவதற்கு முந்தைய 30 நிமிடம் சாப்பிடவோ குடிக்கவோ வெற்றிலை, புகையிலை போடவோ கூடாது.

இவ்வளவுக்கும் முன்னால் 14 நாள் தூக்கக் குறிப்பு எழுதுங்கள். அதில் குறைந்தது 4 விடுமுறை நாள் இருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்குப் பரிசோதனையின் தேவை அங்கேயே தீர்ந்துவிடும்.

ரத்தத்தில் டெக்1 அளவைப் பார்த்துக்கொள்ளலாமா?

பயனில்லை. ரத்தத்தில் எந்த வகை வெள்ளணு எத்தனை சதவீதம் என்பதே நேரத்துக்கு நேரம் மாறும். டெக்1 அளவு மாறியதா, செல்களின் கலவை மாறியதா என்று ஒரு மாதிரியில் பிரிக்க முடியாது. சொந்தக் கடிகாரத்தின் நேரம் தெரிய வேண்டுமானால் மங்கலான வெளிச்சத்தில் மாலை முதல் அரைமணிக்கு ஒருமுறை உமிழ்நீர் எடுத்து மெலடோனின் ஏறத் தொடங்கும் நேரத்தைப் பார்ப்பதே நம்பகமான வழி.

ஆய்வகத்தில் டெக்1இன் ஆக்சிஜன் பதில்வினையை அளக்க நல்ல திட்டம் எது?

பலரும் செய்வது: செல்களை 1 சதவீத ஆக்சிஜனில் 24 மணி நேரம் வைத்து, ஒரே ஒரு நேரத்தில் அறுவடை செய்து, ‘டெக்1 ஏறியது’ என்று எழுதுவது. கடிகாரம் ஒன்றுபடாத செல்களில் இது ஒரு சராசரியைத்தான் தரும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஏறியது என்பதே சுவையான பகுதி, அது தொலைந்துபோகும்.

நாங்கள் பரிந்துரைப்பது இது. எல்லாத் தட்டுகளிலும் ஒரே நாளில் ஒரே எண்ணிக்கையில் செல்களை இடுங்கள். பிறகு 4 மணி நேர இடைவெளியில் ஆறு தொகுதிகளாக, ஒவ்வொரு தொகுதிக்கும், செல்களின் கடிகாரங்களை ஒன்றுபடுத்த, 100 நானோமோலார் டெக்சாமெத்தசோன் 1 மணி நேரம் கொடுத்துப் புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். கடைசித் தொகுதிக்கு 24 மணி நேரம் ஆகும்போது முதல் தொகுதிக்கு 44 மணி நேரம் ஆகியிருக்கும். ஆறு வெவ்வேறு கட்டங்கள் ஒரே சமயத்தில் கையில் கிடைக்கும். அப்போது ஒவ்வொரு தொகுதியிலும் பாதியைக் குறைந்த ஆக்சிஜனிலும் பாதியைச் சாதாரண இன்குபேட்டரிலும் 6 மணி நேரம் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அறுவடை செய்யுங்கள். கட்டத்துக்கு மூன்று தட்டு என்றால் 6 × 3 × 2, மொத்தம் 36. இதில் பெரிய லாபம், நடுவில் பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை என்பது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து எடுக்கும் திட்டத்தில் ஒவ்வொரு திறப்பும் மிச்சத் தட்டுகளுக்கு ஆக்சிஜன் கொடுத்துவிடும்.

சிறிய மூடுபெட்டி பயன்படுத்தினால் 1 சதவீத ஆக்சிஜன், 5 சதவீதக் கரியமிலவாயு, மீதி நைட்ரஜன் கலந்த வாயுவை நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் 4–5 நிமிடம் ஓட்டுங்கள். 1 மணி நேரம் கழித்து மறுபடியும் ஓட்ட வேண்டும். ஊடகத்திலும் பிளாஸ்டிக்கிலும் கரைந்திருந்த ஆக்சிஜன் அதற்குள் வெளியே வந்திருக்கும். முந்தின இரவே குறைந்த ஆக்சிஜனில் வைத்துப் பழக்கிய ஊடகத்தை ஊற்றினால் இந்தத் தாமதம் குறையும்.

பெங்களூரில் ஒரு திருத்தம் தேவை. 37 டிகிரியில் நீராவி 47 மி.மீ. எடுத்துக்கொள்கிறது. மீதி 636இல் 1 சதவீதம் என்றால் 6.4 மி.மீ.; கடல்மட்டத்தில் அதே 1 சதவீதம் 7.1. வெளிநாட்டுக் கட்டுரையோடு ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் 1.1 சதவீதம் வைத்தால் நெருங்கிவரும். சதவீதத்தை மட்டும் எழுதாமல் மி.மீ. பாதரசத்திலும் எழுதுங்கள். சில உணரிகள் அழுத்தத்தை அளந்து சதவீதமாக மாற்றிக் காட்டுபவை. அவற்றை இந்த ஊர்க் காற்றில் அளவுதிருத்தம் செய்யாவிட்டால் சாதாரணக் காற்றையே 19 சதவீதம் என்று காட்டும்.

அறுவடைக்குப் பிறகு என்ன தவறும்?

ஹிஃப்-1 ஆல்ஃபாவின் 5 நிமிட அரை ஆயுளை மறப்பதுதான் முதல் தவறு. பெட்டியைத் திறந்து, தட்டுகளை அடுக்கி, பேனாவால் பெயர் எழுதுவதற்குள் புரதம் போய்விடும். பெயரை முன்பே எழுதுங்கள். ஒரு பெட்டியில் சில தட்டுகள் மட்டும் வையுங்கள், திறந்ததும் ஐஸில் வைத்து ஒரு நிமிடத்துக்குள் சிதைப்புக் கரைசலை ஊற்றுங்கள்.

இரண்டாவது, அளவு மாறாது என்று கருதி மற்றவற்றை ஒப்பிடப் பயன்படுத்தும் ஒப்பீட்டு மரபணு. ஜிஏபிடிஎச் ஹிஃப் நேரடியாக ஏற்றும் மரபணுக்களில் ஒன்று. அதை அளவுகோலாக வைத்தால் டெக்1இன் ஏற்றம் சிறுத்துத் தெரியும், சில சமயம் காணாமலே போகும். அதற்குப் பதில் ஆர்பிஎல்பி0, டிபிபி என்னும் மரபணுக்கள் இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஆக்சிஜன் உண்மையில் குறைந்ததா என்று பார்க்கச் சிஏ9 மரபணு, கடிகாரம் ஒன்றுபட்டதா என்று பார்க்க எதிரெதிர்க் கட்டத்தில் ஓடும் பெர்2, பீமால்1. இந்த மூன்றும் சரியாக இல்லாத தொகுதியில் டெக்1 எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

மூன்றாவது, அமிலம். குறைந்த ஆக்சிஜனில் செல்கள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். ஊடகம் மஞ்சளானால் அந்த அமிலத்தன்மையே கடிகாரத்தை அடக்கிவிடும்; 2018இல் தெளிவாகக் காட்டப்பட்ட விளைவு இது. அமிலத்தன்மை மாறாமல் காக்கும் ஹெப்பீஸை 25 மில்லிமோலார் சேர்த்து, செல் நெரிசலைக் குறைத்து, முடிவில் பிஎச் அளந்து எழுதிவையுங்கள்.

மரபணு வேலை செய்யும்போது ஒளிரச் செய்யும் லூசிஃபெரேஸ் நொதியைக் கொண்டு நேரடியாகப் பார்க்கலாமே?

பார்க்கலாம். லூசிஃபெரேஸ் ஒளிர ஆக்சிஜன் தேவை என்பதை மறக்கக் கூடாது. மிகக் குறைந்த ஆக்சிஜனில் ஒளி மங்கினால் மரபணு அடங்கியதாகத் தோன்றும். எப்போதும் ஒரே அளவில் ஒளிரும் கட்டுப்பாட்டுச் செல்களைப் பக்கத்தில் ஓடவிட்டு, அலையின் உயரத்தை விட்டுவிட்டு உச்சி வரும் நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

நைட்ரஜன் சிலிண்டர் இல்லை. கோபால்ட் குளோரைடு போதுமா?

100 மைக்ரோமோலார் கோபால்ட் குளோரைடு, ஆக்சிஜன் குறைந்தது போலவே ஹிஃப்-1 ஆல்ஃபாவைத் தேங்கவைக்கும், டெக்1உம் ஏறும். ஆனால் செல்லில் ஆக்சிஜன் குறையவே இல்லை, மைட்டோகாண்ட்ரியா வழக்கம்போல் மூச்சு விடுகிறது, கோபால்ட்டின் நச்சுத்தன்மையும் சேர்ந்துகொள்கிறது. ஹிஃப் பாதை வழியாகத்தான் ஏற்றமா என்று சரிபார்க்க நல்ல துணைச் சோதனை. ‘ஆக்சிஜன் குறைவில்’ என்று தலைப்பிட இது போதாது.

இந்த மரபணுவுக்கு வேறு வேலைகள் உண்டா?

நிறைய. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் டெக்1, கொழுப்புச் செல் உருவாகத் தேவையான பிபிஏஆர் காமா2வை அடக்குகிறது. டெக்2, ஹிஃப்-1 ஆல்ஃபாவையே அழிப்புக்கு அனுப்பி ஒருவகை மார்பகப் புற்றுநோயின் பரவலைத் தடுக்கிறது என்று 2012இல் இத்தாலியக் குழு காட்டியது. நம் நாட்டுக்கு நெருக்கமானது காசநோய்: டெக்1 இல்லாத எலிகள் காசநோய்க் கிருமிக்கு எளிதில் பலியாகின்றன. நோய் எதிர்ப்பைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10ஐ டெக்1 அடக்கிவைக்காததே காரணம். எனவே டெக்1ஐ ஏற்றவோ இறக்கவோ ஏதாவது சாப்பிடலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதே. அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் கிடையாது.

பெங்களூரில் உடல் கடிகாரத்தை எங்கே படிக்கலாம்?

ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பழ ஈக்களின் கடிகாரத்தைப் பற்றிய ஆய்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால்களை ஆராய்ந்து, மனிதர்களை வெளி நேரம் தெரியாமல் தங்கவைத்து அளக்கும் தனியறையையும் அமைத்த எம்.கே. சந்திரசேகரன் பின்னர் இங்கே வந்து பணியாற்றியவர். தேசிய உயிரியல் மையத்திலும் இந்திய அறிவியல் கழகத்திலும் செல் உயிரியல், மரபணுக் கட்டுப்பாடு ஆய்வுக்குழுக்கள் உள்ளன. மனித உறக்கம் என்றால் நிம்ஹான்ஸ். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆய்வகத்தில் குறைந்த ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா, 24 மணி நேரமும் மாதிரி எடுக்க இரவில் அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.